கொல்கத்தா குழந்தை, வெளிநாட்டு வீடு: தத்துக் காகிதங்களைச் சேர்க்கும்போது

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் எங்களை வெளிநாட்டுச் சொந்தங்கள் அடிக்கடி கேட்பது: "கோர்ட் பேப்பருக்கு என்னென்ன வேணும்?" கேட்டுக் கேட்டுச் சேர்ந்த குறிப்புகள் இவை.

1. முதலில், இது இப்போது கோர்ட் பேப்பரே இல்லை. 2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணை தருபவர் மாவட்ட மாஜிஸ்திரேட். மனு போடுவதும் குழந்தை வளரும் தத்து மையம்தான். அலிப்பூர் கோர்ட் வாசலில் யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

2. தொடக்கம் கொல்கத்தாவில் அல்ல, நீங்கள் வசிக்கும் நாட்டில். அங்குள்ள அங்கீகாரம் பெற்ற தத்து ஏஜென்சி மூலம், இந்தியாவின் மத்தியத் தத்து ஆணையமான 'காரா'வில் பதிவாக வேண்டும். நேரே குழந்தைகள் இல்லத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. "நர்சிங் ஹோமில் ஒரு குழந்தை இருக்கு, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குழந்தைக்கு விலை பேசினால் 5 ஆண்டு வரை.

3. தமிழர்களைப் படுத்துவது இனிஷியல். நாத்தனார் மகள் மெல்போர்னிலிருந்து அனுப்பிய காகிதக் கட்டில் அவள் கணவர் மூன்று பேராக இருந்தார்: பாஸ்போர்ட்டில் ராமநாதன் சுப்ரமணியன், திருமணச் சான்றில் எஸ். ராமநாதன், சம்பளச் சீட்டில் ராம் சுப்ரமணியன். இங்கே தாளைப் புரட்டிய பெண்மணி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "எய் ராம்நாதன்டா கே?" (யார் இந்த ராமநாதன்?) என்றார். வங்காளிக்கு முகர்ஜி என்றால் அப்பாவும் முகர்ஜி, பிள்ளையும் முகர்ஜி. அப்பா பெயர் எப்படி இனிஷியலாகும் என்று விளக்கவே அரை மணி ஆயிற்று. பாஸ்போர்ட்டில் உள்ளதை மூலமாக வைத்து, மற்றவற்றுக்கு 'இவர்கள் அனைவரும் ஒருவரே' என்று பிரமாணப் பத்திரம் ஒன்றை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். மனைவி பெயருக்கும்தான்.

4. உங்கள் குடும்பத்தை ஆராய்ந்து எழுதும் ஹோம் ஸ்டடி ரிப்போர்ட் 3 ஆண்டு செல்லும். போலீஸ் சான்றும் மருத்துவச் சான்றும் அப்படியல்ல, சீக்கிரம் பழசாகிவிடும். அவற்றைக் கடைசியில் வாங்குங்கள்.

5. நோட்டரி கையெழுத்தும் அப்போஸ்டிலும் ஆன தாளின் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றவே கழற்றாதீர்கள், ஜெராக்ஸ் கடைப் பையன் கேட்டாலும் கூட. பின் கழன்று மறுபடி குத்தியிருந்தால் நடுவில் தாள் மாறியதோ என்ற சந்தேகம் வரும். மடித்துப் பிடித்து நகல் எடுக்கச் சொல்லுங்கள்.

6. குழந்தையின் கோப்பில் முதலில் தேட வேண்டியது, அது தத்துக்குச் சட்டப்படி தகுதியானது என்ற குழந்தைகள் நலக்குழுவின் அறிவிப்பு. மருத்துவ அறிக்கையை உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

7. மனு வந்த 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் துர்கா பூஜை வந்தால் ஊரே பந்தலில் இருக்கும். அக்டோபருக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டு ஃபைலைத் துரத்தாதீர்கள்.

8. ஆடி, ஆவணியில் இந்த ஊர்க் காற்றே ஈரம். பீரோவில் வைத்த தாளும் நமுத்து, சீல் மை பரவும். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேல் தட்டில் வையுங்கள்.

9. ஆணை கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றும் குழந்தையின் இந்திய பாஸ்போர்ட்டும் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். ஊர் போன பின் குழந்தையின் நிலை பற்றி 2 ஆண்டில் 6 அறிக்கை: முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று.

10. யாரும் கேட்காத தாள் ஒன்று உண்டு, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வங்காளத்தில் ஏட்டுப் பெயர் வேறு, கூப்பிடும் 'டாக் நாம்' வேறு. இல்லத்து ஆயாவிடம் உட்கார்ந்து, குழந்தையை என்னவென்று கூப்பிட்டார்கள், எதைச் சொல்லித் தூங்க வைத்தார்கள் என்று கேட்டு அப்படியே குறித்து வையுங்கள். ரயிலில் தவறி ஹவுரா வந்து சேர்ந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன், 1987இல் இந்த ஊரிலிருந்துதான் டாஸ்மேனியாவுக்குத் தத்துப் போனான். 'லயன்' படத்தில் வரும் சரூ பிரையர்லி. அவன் வீடு இருந்த கண்ட்வாவின் கணேஷ் தலாய், அவன் வாயில் 'ஜினெஸ்ட்லே' ஆகியிருந்தது. அப்போது யாராலும் ஊரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 2012இல் தாயைத் தேடிப் போன பிறகுதான் தெரிந்தது, அவன் பெயர் சரூ இல்லை, ஷேரு.