ஏ.சி. ஓட... கண் மூட...

நைட் டிரிப்பில் தூக்கம் கண்ணைச் சுழற்றினால் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்சம் படுங்க என்கிறோம். நல்ல யோசனைதான் நண்பர்களே! ஆனால் புழுக்கத்துக்குப் பயந்து இன்ஜினை நிறுத்தாமல், ஏ.சி.யைப் போட்டு, கண்ணாடியை ஏத்திவிட்டுப் படுக்கிறோமே, அங்கேதான் வில்லன் வருகிறான். பெயர் கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

"ஏ.சி. கேஸ் லீக்காகிச் செத்துட்டான்" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் அது ஏ.சி. மேல் வீண்பழி. குற்றவாளி சைலன்சர் பக்கம் இருக்கிறான்! பெட்ரோல் முழுசாக எரியக் காற்று போதாதபோது கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் மோனாக்சைடு உண்டாகிறது. பழைய பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனையில், ஐட்லிங்கில் 3 சதவீதம் வரை அனுமதி. பி.எஸ்.4 வண்டிக்கு 0.3 தான். எல்லாம் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் செய்யும் உபகாரம். அது கெட்டுப்போனால் புது வண்டியும் பழைய வண்டிதான்.

ஓடும் வண்டியில் புகை பின்னால் அடித்துப் போய்விடும். நிற்கும் வண்டியில் அடியிலேயே சுற்றும். பின்னால் சுவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். மேனிஃபோல்ட் கேஸ்கெட், துருப்பிடித்த சைலன்சர், தரையில் கழன்று விழுந்த ரப்பர் அடைப்பு, கிழிந்த டிக்கி பீடிங்... உள்ளே வர வழிக்கா பஞ்சம்? ரீசர்க்குலேஷன் பட்டனைத் தட்டினாலும் கேபின் ஒன்றும் சீல் வைத்த டப்பா அல்ல. கண்ணாடியை ஒரு இன்ச் இறக்கிவிட்டால் போதும் என்பதையும் நம்ப முடியாது. இன்ஜினை ஆஃப் பண்ணுவதுதான் வழி.

உள்காற்றில் 0.16 சதவீதம் சேர்ந்தால் 20 நிமிடத்தில் தலைவலி, குமட்டல். 2 மணி நேரத்துக்குள் உயிரே போய்விடும். நம் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. விழித்திருப்பவன் தலை வலிக்குதேன்னு கதவைத் திறப்பான். தூங்குகிறவன்?

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் ரோட்டோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது.

யாராவது இப்படி மயங்கிக் கிடந்தால் கதவுகளைத் திறந்து, இன்ஜினை நிறுத்தி, ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்துப் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தத்தில் ஏறிய விஷம் பாதியாகக் குறைய வெறும் காற்றில் 4, 5 மணி நேரமாகும். முகமூடி வைத்துச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். இன்னொன்று: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டலாம். மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ரத்தம் என்றே கணக்குப் பண்ணும். அதனால் டாக்டரிடம் "இன்ஜின் ஓடிக்கிட்டிருந்த வண்டிக்குள்ள கிடந்தார் சார்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.