கோலமும் கணிப்பொறியும்

(மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

கணிப்பொறி என்றதும் வங்கிக் கணக்கும் ரயில் முன்பதிவும் தேர்வு முடிவுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆய்வுக்கூடத்தில் பாடப் பயிற்சியை முடித்துவிட்டு, மதிப்பெண் இல்லாத ஏதோ ஒன்றை மாணவன் தட்டிக்கொண்டிருந்தால், "என்னப்பா, விளையாட்டா?" என்ற கேள்வி எழுகிறது. அந்த விளையாட்டைப் பற்றியதே இக்கட்டுரை. அது வீண் பொழுதுதானா என்று பார்ப்போம்.

இத்தகைய விளையாட்டு கணிப்பொறியோடு கூடவே பிறந்தது. 1952இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பொறியில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்பவர் காதல் கடிதம் எழுதும் நிரல் ஒன்றை அமைத்தார். சொற்பட்டியல்களிலிருந்து பொறியே சொற்களைப் பொறுக்கிக் கோத்துக் கடிதம் எழுதியது. கையொப்பமும் அதுவே இட்டது! 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெறும் பொழுதுபோக்கு என்று அறிவித்துத் தொடங்கியதுதான் லினக்ஸ். நம்மவர்களும் பின்தங்கவில்லை. முத்தையா அண்ணாமலை 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கி, அதைப் பற்றி 2009இல் கட்டுரை வெளியிட்டார். மற்ற மொழிகளில் 'இஃப்' முன்னே நிற்க, நிபந்தனை பின்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே வர, 'ஆனால்' பின்னே நிற்கிறது. மழை பெய்தால் என்றுதானே நாம் சொல்கிறோம்!

ஆயினும் நான் இங்கு விரித்துரைக்க விரும்பும் எடுத்துக்காட்டு நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மார்கழி விடியலில் எங்கள் காடாம்புலியூர்த் தெருவில் நடந்து பாருங்கள். சாணம் தெளித்த வாசலில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துக் கம்பி இழுத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கிறார்கள். நடுவில் ஒரு பறங்கிப்பூ. தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து யாரும் தொடங்குவதில்லை. கை தானே போகிறது. அப்படியானால் அந்தக் கைக்கு ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். அவ்விதி யாது?

இக்கேள்வியை அறிவியல் நோக்கில் எடுத்துக்கொண்டவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியினர். அங்கே புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர் கிஃப்ட் சிரோமணி (1932-1988). புள்ளியியல் அவருடைய துறை. ஆனால் மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகலன்களையும் பழந்தமிழ் எழுத்துகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவருடைய துணைவியார் ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். இருவரும், ராணி அம்மையாரின் ஆய்வு மாணவி கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974இல் கோலத்திற்கு இலக்கணம் கண்டு பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். கமலா அவர்கள் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

கோலத்திற்கு இலக்கணமா என்று வியக்கலாம். ஒரு குறியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு தொடரை வைத்து, அதையே மீண்டும் மீண்டும் செய்து வாக்கியங்களைப் பிறப்பிக்கும் முறையை நோம் சாம்ஸ்கி 1950களில் வகுத்தார். நிரல்மொழிகளின் அடித்தளம் இதுவே. ஆனால் சாம்ஸ்கியின் குறிகள் ஒரே வரியில் செல்பவை. கோலமோ நீளம் அகலம் இரண்டிலும் படர்வது. எனவே கட்டம் கட்டமாக அடுக்கிய குறிகளுக்கு, அதாவது அணிகளுக்கு, இலக்கணம் வகுக்க வேண்டியதாயிற்று. (அணி இலக்கணம் என்றதும் தமிழ்த்துறை நண்பர்கள் தண்டியலங்காரத்தை நினைத்துக்கொள்ள வேண்டா. இது கணக்கு வாத்தியாரின் அணி!) வாசற்கோலம் ஒரு கணிதக் கோட்பாட்டுக்கு வித்திட்டது இவ்வாறுதான்.

இதனைப் படித்தறிவதினும் செய்தறிவது இனிது. கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே குறிகள். 'ந' என்றால் ஒரு கட்டம் கோடிட்டு நட. 'வ' என்றால் நின்ற இடத்திலேயே வலப்புறம் செங்கோணமாகத் திரும்பு. 'க' என்பது மொட்டு. வரையும்போது அதனை விட்டுவிடலாம், ஆனால் வளர்வது அதுதான். தொடக்கம்:

க வ க

விதி ஒன்றே ஒன்று. 'க' உள்ள இடமெல்லாம் ஒரே சமயத்தில் இதை வைக்க வேண்டும்:

க ந க வ க ந க

எல்லாக் குறிகளையும் ஒருங்கே மாற்றும் இம்முறை, செடிகளின் வளர்ச்சியை விளக்க லிண்டன்மாயர் என்ற உயிரியல் அறிஞர் 1968இல் கண்டது. முதல் முறை மாற்றி மொட்டுகளை நீக்கினால் ந வ ந வ ந வ ந என வரும். அது ஒரு சதுரம். முனைகளை மழுக்கினால் ஒரு புள்ளியைச் சுற்றிய சுழி. இரண்டாம் முறை 20 நடை, 5 சுழி. தாளைச் சாய்த்துப் பாருங்கள்: 1-3-1 புள்ளிக் கோலம், ஒரே கம்பியில்! வரைகலை நூல்களில் கிருஷ்ணனின் தண்டை என்ற பெயரில் இடம்பெற்றுள்ள கோலம் இவ்விதியில் பிறப்பதே. மூன்றாம் முறை 21 சுழி. நான்காம் முறை 85. ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு சுழியும் அதன் நான்கு மூலைகளிலும் முந்தைய கோலம் முழுமையாகவும் அமைகின்றன.

இதைப் பைத்தான் மொழியின் 'ஆமை' கொண்டு வரைந்தேன். (திரையில் ஆமையை நடக்கவிட்டுக் குழந்தைகளுக்கு நிரல் கற்பித்த லோகோ மொழி 1967இல் தோன்றியது, அந்த ஆமையின் வழித்தோன்றல் இது.) சில வரிகளே ஆயின. மூன்றாம் முறைக் கோலத்தை அச்சிட்டு, பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன். சற்று நேரம் விரலால் கம்பியைத் தொடர்ந்து சென்றவர், "நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு புள்ளி விட்டுப்போச்சே?" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். 1-3-5-7-5-3-1 எனப் புள்ளி வைத்தால் மொத்தம் 25. என் விதி சுற்றுவது 21. ஐந்து புள்ளி வரிசைகள் இரண்டிலும் இரண்டாம், நான்காம் புள்ளிகள் அநாதையாய் நிற்கின்றன. அடுத்த நாள் காலையில் அம்மா 25 புள்ளியையும் வளைத்துப் போட்டுக் காட்டினார். இப்போது நான் விரலால் தொடர்ந்து பார்த்தேன். அதில் ஒரு கம்பி இல்லை. தனித்தனியே ஐந்து கம்பிகள்! 1-3-5-3-1 போட்டால் மூன்று. என் கோலத்தில் புள்ளி விட்டுப்போகிறது, கம்பி ஒன்று. அவர் கோலத்தில் புள்ளி விடவில்லை, கம்பி ஐந்து.

"ஒரே கம்பியா வரணும்னா, குறுக்கே வெட்டுற இடத்துல வெட்டாம வளைச்சு விட்டுடணும்" என்றார் அம்மா. இரண்டு கம்பிகள் வெட்டும் ஓர் இடத்தில் அவ்வாறு வளைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே ஐந்தும் ஒன்றாக நான்கு இடங்கள் போதும். எந்த நான்கு என்பதைத் தாளில் கண்டுவிட்டேன். அதைச் சொல்லும் விதியை எழுத இரண்டாம் வகை மொட்டு ஒன்று வேண்டும் போலும். 'ச' என்று பெயரிட்டிருக்கிறேன். இதுவரை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் ஆமை தாளை விட்டே வெளியேறிவிட்டது.