கவுண்டரை முதலில் நிறுத்துங்கள்

டாஸ்க் மாறும்போது மற்ற ரிஜிஸ்டர்களோடு பிஎம்யூவின் (செயல்திறன் கண்காணிப்பு அலகு) கவுண்டர்களையும் எடுத்து வைத்தால் போதும் என்றுதான் கெர்னல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கவுண்டர் அப்படிச் சாதுவாக நிற்காது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே ஓடும். நான்கு கவுண்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் நான்கும் வெவ்வேறு நேரத்துக் கணக்கு. அதனால் முதலில் நிறுத்த வேண்டும். இன்டெல்லில் குளோபல் கன்ட்ரோல் என்ற எம்எஸ்ஆர் ரிஜிஸ்டரில் பூஜ்ஜியம் எழுதினால் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். பவர்பிசியில் இதற்கென்றே ஒரு பிட் உண்டு.

அடுத்தது, படித்த எண்ணை அப்படியே திரும்ப எழுத நினைக்காதீர்கள். இன்டெல்லின் பழைய முறையில் கவுண்டருக்கு எழுதினால் கீழ் 32 பிட் மட்டுமே போகும். மேலே இருப்பதெல்லாம் 31-ஆம் பிட்டின் நகல். 48 பிட் கவுண்டரில் இது என்ன குளறுபடி செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, டாஸ்க் அடுத்த முறை வேறு கோரில் எழலாம்.

2009-இல் லினக்ஸ் 2.6.31-இல் சேர்ந்த, கவுண்டர்களைக் கையாளும் பெர்ஃப் வேறு வழியில் போகிறது. 48 பிட் கவுண்டர் என்றால், முந்தைய அளவையும் இப்போதைய அளவையும் 16 பிட் இடப்பக்கம் தள்ளிக் கழித்து, விடையை மறுபடி வலப்பக்கம் தள்ளுகிறது. கவுண்டர் ஒரு சுற்று சுற்றி வந்திருந்தாலும் வித்தியாசம் சரியாக வரும். அதை டாஸ்க்கின் 64 பிட் கணக்கில் கூட்டிவிட்டால் முடிந்தது. எனக்குப் பிடித்த சில வரிகள் இவை.

இத்தனை நிகழ்வுக்கு ஒரு முறை என்று பதிவெடுக்கும் சாம்பிளிங்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். அடுத்த சாம்பிளுக்கு இன்னும் எத்தனை நிகழ்வு பாக்கி என்பதையும் டாஸ்க்கோடு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கினால், சற்று ஓடிச் சட்டென்று தூங்கப்போகும் டாஸ்க் ஒருநாளும் சாம்பிளில் சிக்காது. ப்ரொஃபைலில் அது இல்லவே இல்லாதது போல இருக்கும்.

எம்எஸ்ஆர் எழுதுவது மெதுவான வேலை. யாரும் அளக்காதபோது இந்தப் பாதையையே தொடாதீர்கள். பெர்ஃபும் அப்படித்தான் செய்கிறது.

சோதிக்க எளிய வழி: இத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று தெரிந்த ஒரு லூப்பை எழுதி, யூசர் மோடில் மட்டும் எண்ணுங்கள். தனியாக ஒரு முறை, அதே கோரில் இன்னொரு டாஸ்க்கோடு போட்டியிட விட்டு ஒரு முறை. இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக வராதவரை பேட்சை அனுப்பாதீர்கள்.