சிறையிலிருந்து மேல்முறையீடு: மனுச் செய்யும் முறையும் நீதிமன்ற அதிகாரத்தின் எல்லைகளும்

சுவாமிமலையைச் சேர்ந்த ஒருவர் குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டுத் திருச்சி மத்திய சிறையில் அடைக்கப்படும்போது, மேல்முறையீடு செய்தால் உள்ள தண்டனையும் கூடிவிடுமோ என்ற அச்சம் அவரையும் குடும்பத்தாரையும் தயங்கவைக்கக்கூடும். அந்த அச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதை அறிந்து, உரிய காலத்தில் மனுச் செய்வதற்கான படிகள் கீழே தரப்படுகின்றன.

1. தீர்ப்பு நகலைப் பெறுதல்

சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் உடனடியாகவும் இலவசமாகவும் தரப்பட வேண்டும். நகல் சிறைக்கு அனுப்பப்பட்டால், அதிகாரி அதை விரைந்து சேர்ப்பித்துச் சிறைவாசியிடம் எழுத்துமூலம் ஒப்புகை பெற வேண்டும் என்று 1978-இல் ஹோஸ்கோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே, ஒப்புகையில் நகல் கிடைத்த தேதியைத் தவறாமல் குறிக்க வேண்டும்.

2. நீதிமன்றமும் காலவரம்பும்

குற்றவியல் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்தில் 30 நாள்களுக்குள்ளும், அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் 60 நாள்களுக்குள்ளும் (மரண தண்டனையாயின் 30 நாள்கள்) மனுச் செய்ய வேண்டும். சுவாமிமலை அடங்கிய தஞ்சாவூர் மாவட்டத்தின் உயர் நீதிமன்ற மேல்முறையீடுகள், 2004-இல் தொடங்கப்பட்ட அதன் மதுரைக் கிளைக்குச் செல்லும். நகல் பெற ஆன நாள்கள் கணக்கில் கழிக்கப்படும். அதன் பிறகும் தாமதமானால், தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனுத் தரலாம்.

3. மனுவை ஒப்படைத்தல்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424-ஆம் பிரிவின்படி, சிறைவாசி தம் மனுவையும் நகலையும் சிறைப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்தாலே போதும். அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் கடமை. வழக்கு எண், தண்டித்த நீதிமன்றம், தீர்ப்புத் தேதி, எதிர்ப்புக்கான காரணங்கள் ஆகியவை மனுவில் தெளிவாக இருக்க வேண்டும்.

4. இலவச வழக்கறிஞர்

காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பு இல்லாமல் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழிசெய்கிறது. சிறை வழியாகச் சிறைவாசியோ, தஞ்சாவூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குடும்பத்தாரோ விண்ணப்பிக்கலாம்.

5. நீதிமன்றத்தின் எல்லைகளை அறிதல்

தண்டிக்கப்பட்டவரின் மேல்முறையீட்டில் நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம், மறுவிசாரணைக்கு உத்தரவிடலாம், தண்டனையைக் குறைக்கலாம். ஆனால், அதைக் கூட்டச் சன்ஹிதாவின் 427-ஆம் பிரிவு இடந்தரவில்லை. மதுரைக் கிளையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், தண்டிக்கப்பட்டவரின் மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து சீராய்வு, அதாவது கீழ் நீதிமன்ற ஆணையை மறுபரிசீலிக்கும் நடவடிக்கை, மேற்கொண்டு, முன்பு விடுவிக்கப்பட்டிருந்த குற்றச்சாட்டிலும் அவரைத் தண்டித்தது. அது செல்லாது என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனையைக் கூட்டக் கோரி அரசு தனியே மேல்முறையீடு செய்திருந்தால் நிலைமை வேறு. அப்போதும் சிறைவாசியின் விளக்கத்தைக் கேட்காமல் தண்டனையைக் கூட்ட முடியாது. வழக்கறிஞர் வரவில்லை என்பதற்காக மட்டும், வழக்கின் தகுதியை ஆராயாமல் மனுவைத் தள்ளுபடி செய்வதும் கூடாது.

6. தண்டனை நிறுத்திவைப்பு

மேல்முறையீடு செய்வதாலேயே தண்டனை நின்றுவிடாது என்பதால், 430-ஆம் பிரிவின்கீழ் தண்டனையை நிறுத்திவைத்துப் பிணையில் விடக் கோரும் மனுவையும் உடன் தாக்கல் செய்வது நன்று.

மனு அனுப்பப்பட்டதும் மேல்முறையீட்டு எண்ணைக் கேட்டுப் பெற்று, குடும்பத்தார் அதைக் கொண்டு வழக்கின் நிலையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஏனெனில், சட்டம் தரும் பாதுகாப்பு, மனு உரிய நாளுக்குள் நீதிமன்றத்தை அடைந்தால்தான் சிறைவாசிக்குப் பயன்படும்.