இரண்டு வண்டியில் தொடங்கிய கணக்கு

திருச்சி,
ஞாயிறு காலை

அன்புள்ள யாழினி,

உன் ப்ராஜெக்டை இரண்டு முறை படித்தேன். பன்னாட்டுப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் வளர்ச்சி என்று தலைப்பு வைத்து ஸ்காட்லாந்துக்காரர்களின் ஸ்டேஜ்கோச் கம்பெனியை எடுத்திருக்கிறாய். நல்ல தேர்வு. ஆனால் எந்த வருஷம் எந்தக் கம்பெனியை வாங்கினார்கள் என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் போட்டுவிட்டு, "இவ்வாறு நிறுவனம் வளர்ந்தது" என்று முடித்துவிட்டாய். 31 வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்த எனக்கு அது போதவில்லை அம்மா. அந்த வருஷத்தில் அவர்களால் ஏன் வாங்க முடிந்தது? வாங்கியதில் எது தங்கியது? இதை எழுதாமல் பட்டியல் மட்டும் எழுதினால், வேபில் இல்லாமல் கலெக்‌ஷன் காட்டுவது மாதிரி.

பெயரிலிருந்தே தொடங்கு. நம் கண்டக்டர்கள் "அடுத்த ஸ்டேஜ் வந்தாச்சு, டிக்கெட் எடுங்க" என்று சத்தம் போடுவார்களே, அந்த ஸ்டேஜ்தான் இது. மோட்டார் வருவதற்கு முன்னால் இங்கிலாந்தில் குதிரை பூட்டிய கோச்சு வண்டிகள் ஊருக்கு ஊர் ஓடின. ஒவ்வொரு கட்டத்திலும் களைத்த குதிரையை அவிழ்த்துப் புதுக் குதிரை பூட்டுவார்கள். அந்தக் கட்டம்தான் ஸ்டேஜ். நம் மோட்டார் வாகனச் சட்டம் இன்றைக்கும் ரூட் பஸ்ஸை 'ஸ்டேஜ் கேரியேஜ்' என்றுதான் சொல்கிறது.

இனி கதைக்கு வருகிறேன். பிரிட்டனில் 1930-இல் வந்த சட்டப்படி, ஒரு ரூட்டில் வண்டி விட லைசென்ஸ் வேண்டும். ஏற்கெனவே அந்த வழியில் ஓட்டுகிறவர் ஆட்சேபம் சொல்லலாம், ரயில்வேயும் சொல்லலாம். புதிதாக வருகிறவனுக்குக் கதவு பெரும்பாலும் சாத்தியே இருக்கும். ஐம்பது வருஷம் இப்படிப் போனது. 1980-இல் மார்கரெட் தாட்சர் அரசு, பயணிகளை 30 மைலுக்குக் குறையாமல் ஏற்றிச் செல்லும் விரைவு பஸ்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்தது அக்டோபரில். ஸ்டேஜ்கோச்சின் முதல் வண்டி டண்டியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியதும் அதே அக்டோபரில்தான். இந்த இரண்டு தேதியையும் உன் ப்ராஜெக்டின் முதல் பக்கத்தில் அடுத்தடுத்து எழுது.

ஓட்டியவர்கள் பெர்த் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பம். அப்பா பஸ் டிரைவர். மகள் ஆன் குளோக், ஆஸ்பத்திரி நர்ஸ். மகன் பிரையன் சூட்டர், கணக்குத் தணிக்கை படித்தவர், படிக்கும் காலத்தில் கண்டக்டர் வேலையும் பார்த்தவர். ஆனின் கணவர் ராபினும் தொடக்கத்தில் கூட இருந்தார். அப்பாவுக்கு வேலை போனபோது கிடைத்த 25,000 பவுண்டுதான் முதல். அதில் வாங்கியது இரண்டு பழைய வண்டி. 700 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி பூராவும் ஓடும் பஸ்ஸில், அரசு கம்பெனிகளைவிடக் குறைந்த டிக்கெட்டுக்கு, ஆன் கையால் செய்த சாண்ட்விச்சும் டீயும் கொடுத்தார்கள்.

இதில் ஒரு வியாபார சூட்சுமம் உண்டு. பி.காம். படிக்கிற நீ இதை விடக்கூடாது. பஸ்ஸில் காசு முதலில் வந்துவிடும், செலவு பிறகுதான் வரும். ஏறினவுடன் டிக்கெட் காசு பைக்கு வருகிறது. டீசல் பில், டயர் பில், சம்பளம் எல்லாம் வாரக் கடைசியிலோ மாசக் கடைசியிலோ. தினம் கையில் ரொக்கம் புரள்கிற தொழில் என்பதால் பாங்க்காரனும் தைரியமாகக் கடன் கொடுப்பான். கடன் வாங்கிக் கம்பெனி வாங்கி, அந்தக் கம்பெனியின் கலெக்‌ஷனிலேயே கடனை அடைப்பதுதான் பின்னால் அவர்கள் போன வழி.

இரண்டாவது கதவு 1986 அக்டோபர் 26-இல் திறந்தது. லண்டனைத் தவிர்த்த பிரிட்டன் முழுக்க டவுன் பஸ் ரூட்டுகளுக்கும் கட்டுப்பாடு போனது. 42 நாள் முன்னதாகப் பதிவு செய்தால் போதும், யாரும் எந்த ரூட்டிலும் வண்டி விடலாம். கூடவே நேஷனல் பஸ் கம்பெனி என்ற அரசு நிறுவனத்தை எழுபது துண்டு போல உடைத்து விற்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் 1970-களின் தொடக்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. முதலாளிகளின் வண்டிகளை அரசு எடுத்து பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் ஆக்கியது. அங்கே விற்றார்கள், ஸ்டேஜ்கோச் வாங்கியது. 1987-இல் மட்டும் மூன்று கம்பெனி. அதில் ஹாம்ப்ஷயர் பஸ்ஸோடு சௌதாம்ப்டன் ஊர் நடுவில் இருந்த பஸ் நிலையமும் வந்தது. அந்த நிலத்தை விற்றதில் நல்ல காசு பார்த்தார்கள். வாங்குகிறவன் வண்டியை மட்டும் பார்க்கவில்லை, வண்டி நிற்கிற இடத்தையும் பார்த்தான்.

1993-இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். அடுத்த வருஷமே டார்லிங்டன்.

டார்லிங்டன் வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். நகராட்சிக்குச் சொந்தமாக ஒரு பஸ் கம்பெனி இருந்தது. அதை விற்க ஏற்பாடு நடந்தபோது ஸ்டேஜ்கோச்சும் கேட்டது, கிடைக்கவில்லை. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கம்பெனி டிரைவர்களுக்கு முன்பணம் கொடுத்துத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். அதே ரூட்டுகளில் காசே வாங்காமல் வண்டி ஓட்டினார்கள். நம் பக்கம் இரண்டு பஸ்காரர்களுக்குள் நடக்கும் டைமிங் சண்டை உனக்குத் தெரியும். முன்னால் போகிற வண்டி ஆளை வாரிக்கொண்டு போய்விட்டது என்று நேரக் காப்பாளர் அறை வாசலில் சட்டையைப் பிடிப்பார்கள். அதில்கூட யாரும் இலவசமாக ஏற்ற மாட்டார்கள். டார்லிங்டனில் நகராட்சிக் கம்பெனியை வாங்கவிருந்தவர் பின்வாங்கினார், கம்பெனி மூடப்பட்டது. ஏகபோகங்களை விசாரிக்கும் ஆணையம் இதை அடுத்தவனை அழிக்கும் போட்டி என்றும் பொதுநலனுக்கு எதிரானது என்றும் 1995-இல் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் மூடின கம்பெனி திரும்ப வரவில்லை. இதை நீ 'சந்தை விரிவாக்கம்' என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிடு.

அப்புறம் ரயில். பிரிட்டிஷ் ரயில்வேயைப் பிரித்தபோது தண்டவாளம் ஒரு கம்பெனிக்கு, பெட்டிகள் மூன்று கம்பெனிகளுக்கு, ரயில் ஓட்டும் உரிமை ஒப்பந்தக்காரர்களுக்கு என்று ஆக்கினார்கள். சௌத் வெஸ்ட் ட்ரெயின்ஸ் என்ற பெரிய ஒப்பந்தம் ஸ்டேஜ்கோச்சுக்குக் கிடைத்தது. 1996 பிப்ரவரி 4, அதிகாலை 5.10-க்கு டுவிக்கன்ஹாமிலிருந்து லண்டன் வாட்டர்லூவுக்கு முதல் வண்டி போனது. அதே வருஷம் பெட்டிகளை வாடகைக்கு விடும் போர்ட்டர்புரூக் கம்பெனியை 825 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி, 2000-இல் நல்ல லாபத்துக்கு விற்றார்கள். அது கணக்குத் தெரிந்தவன் செய்த வேலை.

ஆனால் ரயில் ஓட்டுவதில் பஸ் கணக்குப் போட்டார்கள். செலவைக் குறைக்க 70-க்கும் மேற்பட்ட டிரைவர்களுக்குப் பணம் கொடுத்து வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். 1997 தொடக்கத்தில் ரயில்கள் தினம் தினம் ரத்தாயின. அபராதம் போடுவோம் என்று அரசுத் தரப்பு எச்சரிக்கும் அளவுக்குப் போனது. பஸ்ஸுக்கு டிரைவர் குறைந்தால் பக்கத்து டிப்போவில் கேட்டு வாங்கி ஓட்டலாம். ரயிலில் அது நடக்காது. எந்த சிக்னல் எந்த வளைவுக்குப் பின்னால் இருக்கிறது, எங்கே சரிவு, எந்த இடத்தில் பிரேக் போட்டால் எந்த பிளாட்பாரத்தில் நிற்கும் என்று ஒவ்வொரு தடத்தையும் ஓட்டிப் பழகி, எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தத் தடத்தில் தனியாக விடுவார்கள். புது ஆளைத் தயார் செய்ய மாசக்கணக்கில் ஆகும்.

இதைப் படித்தபோது நான் வேலை பார்த்த ஒரு டிப்போவின் ஞாபகம் வந்தது. ஒரு சமயம் அங்கே ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதிகாலை 4.20 வண்டிக்கு டிரைவர் இல்லை. வண்டி டீசல் போட்டு, கழுவி, வாசலைப் பார்த்து நிற்கிறது. கிராமத்திலிருந்து அதில்தான் பூக்காரம்மா ஒருவர் ஈரச் சாக்கில் மல்லியைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருவார். அன்றைக்கு அவர் அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தபோது மணி எட்டு. அரும்பு முக்கால்வாசி விரிந்துவிட்டது. சாக்கைப் பிரித்து என் மேஜைக்கு முன்னால் காட்டினார், ஒன்றும் பேசவில்லை. டிரிப் ஷீட்டில் நான் எழுதியது 'ஒரு சிங்கிள் கட்', அதாவது ஒரு நடை ரத்து, என்ற மூன்று சொல்தான்.

வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989-இல் மலாவி, பிறகு கென்யாவின் நைரோபி, நியூசிலாந்து, சுவீடன், ஹாங்காங் என்று போனார்கள். நைரோபியில் நேரமும் ரூட்டும் பார்த்து ஓடும் பெரிய பஸ்ஸுக்கு முன்னால் மட்டாட்டு என்கிற வேன்கள் கூட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் ஆளை அள்ளிப் போயின. 1998-இல் அங்கிருந்து வெளியேறினார்கள். 1999-இல் அமெரிக்காவின் கோச் யூஎஸ்ஏவைப் பெரும் விலைக்கு வாங்கியதுதான் பலத்த அடி. அங்கே சொந்தக் கார் வைத்திருப்பவனை பஸ்ஸுக்கு இழுப்பது அத்தனை லேசில்லை. சில வருஷங்களிலேயே அதன் மதிப்பைக் கணக்கில் வெட்டி, பகுதி பகுதியாக விற்று, 2019-இல் அமெரிக்காவைவிட்டே வந்துவிட்டார்கள். உன் பட்டியலில் கோச் யூஎஸ்ஏ வாங்கியது இருக்கிறது, விற்றது இல்லை. ஒரு பவுண்டு டிக்கெட்டோடு 2003-இல் தொடங்கிய மெகாபஸ்ஸையும் சேர்த்துக்கொள். முதலில் பதிவு செய்பவனுக்குக் குறைந்த விலை, கடைசியில் வருபவனுக்குக் கூடுதல் விலை என்ற விமானக் கம்பெனி முறையை பஸ்ஸுக்குக் கொண்டுவந்தது அது.

ரயிலும் நிலைக்கவில்லை. 2017-இல் சௌத் வெஸ்ட் ட்ரெயின்ஸ் ஒப்பந்தம் வேறு கைக்குப் போனது. 2019-இல் ஊழியர் ஓய்வூதிய நிதியின் பொறுப்பை ஏற்பதில் அரசோடு தகராறு வந்து, புது ஒப்பந்தப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். வர்ஜின் ட்ரெயின்ஸ் என்ற ரயில் கம்பெனியில் அவர்கள் வைத்திருந்த 49 சதவீதக் கூட்டும் அந்த டிசம்பரோடு முடிந்தது. 2022-இல் கம்பெனியையே ஒரு முதலீட்டு நிதி வாங்கிவிட்டது.

உன் அக்கா மான்செஸ்டரில் படித்தபோது நான் ஒரு மாசம் போய்த் தங்கினேன் அல்லவா? அவள் விடுதி இருந்த வில்ம்ஸ்லோ ரோட்டில் ஒரு பஸ் கண்ணைவிட்டு மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும். மாணவர்கள் 'மேஜிக் பஸ்' என்ற நீல நிற மாடி பஸ்ஸில்தான் ஏறுவார்கள், டிக்கெட் மலிவு. அது போட்டிக் கம்பெனி என்று நினைத்தேன். ஸ்டேஜ்கோச்சே பழைய வண்டிகளுக்கு வேறு பெயர் வைத்து ஓட்டுகிறது, இன்னொருவன் மலிவு விலையோடு உள்ளே வராமல் இருப்பதற்கு, என்று அவள்தான் விளக்கினாள். அதே நேரம், ஊர் ஓரத்தில் இருந்த அவள் தோழி வீட்டுக்குப் போக சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பஸ் இல்லை.

அந்த மான்செஸ்டரில் இப்போது நிலைமை வேறு. எந்த ரூட்டில் எத்தனை வண்டி, என்ன டிக்கெட் என்பதை மறுபடி நகர நிர்வாகமே முடிவு செய்வதாகத் தீர்மானித்தார்கள். ஸ்டேஜ்கோச் கோர்ட்டுக்குப் போய் 2022 மார்ச்சில் தோற்றது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாற்றம் 2025 ஜனவரியில் முடிந்து, எல்லாம் ஒரே மஞ்சள் வண்டிகள் ஆகிவிட்டன. 1986-இல் திறந்த கதவு அந்த ஊரில் திரும்பச் சாத்தப்பட்டது. ஆனால் சில டிப்போக்களை நடத்தும் ஒப்பந்தத்தை டெண்டர் போட்டு ஸ்டேஜ்கோச்தான் எடுத்திருக்கிறது. டிக்கெட் காசு நகரத்துக்கு, வண்டி ஓட்டியதற்குக் கூலி கம்பெனிக்கு. அன்றைக்குக் கையில் புரண்ட ரொக்கம் இன்றைக்கு அவர்களுடையது இல்லை.

பட்டியலைத் திருத்தி எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் போடு. ஒன்றில் அதை வாங்க வழிவிட்ட சட்டமோ கடனோ. இன்னொன்றில் விற்ற வருஷம். புதன்கிழமைக்குள் அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். அம்மாவிடம் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

உன் மாமா