பழுதும் விலையும்

பழுதுற்ற பொருளுக்கு விலை குறையும் என்பது உலக வழக்கு. பழைய விளையாட்டுக் கார்களைச் சேகரிப்போரிடத்து இவ்வழக்கு மாறி நிற்றலும் உண்டு. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவில் மாட்டெல் கம்பெனியார் 1968-இல் ஹாட் வீல்ஸ் என்னும் சிறு கார்களை வெளியிட்டனர். பெருந்தொகையாக வார்க்கப்படும் இக்கார்களுள் சில, சக்கரங்கள் இடம் மாறியோ, பக்கத்துச் சித்திரம் அச்சிடப்படாமலோ, பரிசோதகர் கண்ணுக்குத் தப்பிக் கடைக்கு வந்துவிடும். அவற்றின் அருமை நோக்கியே சேகரிப்போர் மிகுவிலை கொடுப்பர். ஆயினும், அட்டைமேல் ஒட்டிய உறை பிரிக்கப்படாதிருத்தல் வேண்டும். அடித்தட்டின் தறையாணியைத் துளைத்தெடுத்துச் சக்கரங்களை மாற்றிவைத்தல் வஞ்சகர்க்கு எளிதன்றோ? பழுது தொழிற்சாலையில் நேர்ந்தது என்பதற்கு அவ்வுறையே சாட்சி.

எல்லாப் பழுதும் இவ்வாறு மதிப்புப் பெறுவதில்லை. இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்து மெக்கானோ கம்பெனியார் 1934 முதல் டிங்கி டாய்ஸ் என்னும் பெயரால் விற்ற கார்கள் துத்தநாகக் கலப்புலோகத்தால் வார்க்கப்பட்டவை. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்டவை பலவற்றில் ஈயம் சிறிது கலந்துவிட்டது. ஈரக்காற்றுப் பட்டால், உலோகத்தின் நுண்மணிகளுக்கிடையே அரிப்புப் பரவும். கார் பருத்து, விண்டு, ஈற்றில் பொடியாகும். உலர்ந்த இடத்தில் வைத்தால் அழிவு தாமதிக்குமேயன்றி, கெட்ட உலோகம் மீளாது.

முன்னைய பழுது பொருளைக் கெடுப்பதில்லை. பின்னையது பொருளையே தின்றுவிடும். ஆதலின், பழுதைக் காட்டி அதிக விலை கேட்பார் முன் நாம் முதற்கண் உறையை நோக்குவோமாக. பின்னர் உலோகத்தில் வெடிப்புண்டோ என்று நோக்குவோமாக. அதன் பின்னரே பணப்பையைத் திறப்போமாக.