உழைப்பும் ஈடும்

உழைப்பவர் உள்ளம் நலிவது ஊதியம் குறைவதனால் மட்டுமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது முழு உண்மையன்று. 'நாம் தந்த உழைப்புக்குப் பிறரைப் போன்று ஈடு பெற்றோமா?' என்று ஒப்பிட்டு அளப்பது மனத்தின் இயல்பு என்பதை அமெரிக்க உளவியலார் ஸ்டேசி ஆடம்ஸ் 1963இல் எடுத்துரைத்தார். அறிஞர் ஜோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல் இன்னும் ஒருபடி சென்று, முயற்சி மிகுந்து ஈடு குறையுமானால் உடலும் உள்ளமும் நோயுறும் என விளக்கினார். ஈடு என்று அவர் கொண்டது பணத்தை மட்டுமன்று. மதிப்பும், பதவி உயர்வும், வேலை நிலைக்கும் என்னும் உறுதியும் அதனுள் அடங்கும்.

மதிப்பு என்பதனைச் சற்றே நின்று நோக்குவோம். நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், எழுத்துக்கூட்டவும் அறியாது ஆறாம் வகுப்பிற்கு வந்த பிள்ளைகளை அம்மையார் ஒருவர் படிக்க வைத்தார். ஆண்டுவிழாவில் பொன்னாடையோ, பத்தாம் வகுப்பில் தேர்ச்சி விழுக்காடு காட்டியவர்க்கே. (அவ்விழுக்காட்டுக்கு அடித்தளம் இட்டவர் யார்?) மூன்றாம் ஆண்டு விழாவன்று அவ்வம்மையார் தலைவலி என்று விடுப்பெடுத்தார். நாமும் அதனைத் தலைவலி என்றே நம்பினோம்.

ஜெரால்ட் கிரீன்பெர்க் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. நான்கு மருத்துவமனைகளைச் சேர்ந்த 467 செவிலியரின் உறக்கத்தை அவர் ஆராய்ந்தார். இரண்டு மருத்துவமனைகளில் ஊதியமுறை மாறியதால் வருவாய் குறைந்தது. அவ்வாறு குறைந்தவர்க்கு உறக்கமும் கெட்டது. ஆயின், பணியாளரை மதித்து, காரணம் கூறி, பரிவோடு நடத்துமாறு மேற்பார்வையாளர்க்குப் பயிற்சி தரப்பட்ட இடத்தில், வருவாய் குறைந்தவர்க்கும் உறக்கக்கேடு அவ்வளவாக இல்லை. ஆறு மாதங்கள் கழித்தும் அப்பயன் நீடித்தது.

இன்சொல் இருந்தால் போதும், ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எவரேனும் இதனைக் கொள்வராயின், அவர் பாடத்தைத் தலைகீழாகப் படித்தவராவார். இன்சொல் உறக்கத்தைக் காத்தது; குறைந்த பணத்தைத் திருப்பித் தரவில்லை.

நம் குடும்பங்களில் கடை நடத்துவோர் உளர். ஆள் வைத்துப் பயிர் செய்வோரும் உளர். தீபாவளிப் போனஸ் ஒருவர்க்குக் கூடவும் மற்றவர்க்குக் குறையவும் நேருமானால், பணம் கைக்கு வருமுன்னரே குறைவாகப் பெறுபவரைத் தனியே அழைத்து, எக்கணக்கின்படி என்பதைச் சொல்லிவிடுதல் நன்று. அவர் மறுத்துக் கூறுவதையும் அமர்ந்து கேட்க வேண்டும். கணக்கில் பிழை நம்முடையதாகவும் இருக்கக்கூடும்.